நாற்பத்து மூன்று பேரின் மூட்டையில் எங்கள் தெரு

எங்கள் மூன்றாவது மாடியில் எதிர்வீட்டுக் கண்ணாடிக்கடைத் தம்பிக்கு இன்னும் கல்யாணம் ஆகாததற்கு அந்த பஸ் கேம்தான் காரணம் என்று நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். பகலெல்லாம் கடையில் லென்ஸ் தேய்ப்பான். வீட்டுக்கு வந்தால் கம்ப்யூட்டரில் பஸ் ஓட்டுவான். சம்பளமில்லாத டிரைவர் உத்தியோகம்.

அந்த கேமை வாங்கினால் மொட்டையாக ஒரு பஸ்ஸும் ஒரு ரோடும்தான் கிடைக்குமாம். மீதியை ஆட்டக்காரர்களே செய்து சும்மா கொடுக்கிறார்கள். ஒருவர் சீட் உறை, ஒருவர் மழை, ஒருவர் ஹார்ன். மோட் என்று பெயர். ஆனால் ஒருவர் செய்தது இன்னொருவர் செய்ததோடு ஒத்துப்போகாது. மழையைப் போட்டால் வைப்பர் நின்றுவிடும். நம் தம்பி நாற்பத்து மூன்று பேருடைய மோட்களைச் சேர்த்து, சண்டை தீர்த்து வைத்து, ஒரே மூட்டையாகக் கட்டி ஓர் இணையதளத்தில் ஏற்றினான். ஒரு தடவை டவுன்லோடு செய்தால் எல்லாமே வந்துவிடும். ஏற்றியது வெள்ளிக்கிழமை சாயங்காலம். ஞாயிறு காலை பத்து மணிக்கு என் வீட்டு மணியை அடித்தான்.

"ஆன்ட்டி, கொஞ்சம் வாங்களேன். அக்கா பேச மாட்டேங்குறா."

அவன் அக்காவைக் கூட்டிக்கொண்டு எட்டு மாதத்துக்கு முன்தான் இங்கே குடிவந்தான். ஏன் புருஷனோடு இல்லை என்று நான் கேட்கவில்லை என்றால் யாரும் நம்பமாட்டார்கள். மூன்றாம் நாளே கேட்டேன். அவள் பதில் சொல்லாமல் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே தூக்கித் தழும்புகளைக் காட்டினாள். அதன் பிறகு அந்தப் பேச்சை நான் யாரிடமும் எடுக்கவில்லை. அவள் இருக்குமிடம் அந்த ஆளுக்குத் தெரிந்தால் அடுத்த தடவை கையோடு நிற்காது.

உள்ளே போனேன். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் எங்கள் தெரு. டெய்லர் கடை ஷட்டர், வளைந்த விளக்குக் கம்பம், தெருப்பெயரோடு பஸ் ஸ்டாப் போர்டு, எல்லாம் அச்சு அசலாக இருந்தன. மூன்றாவது மாடி ஜன்னலில் அவளே நின்றாள்.

"இது எப்படிடா இதுக்குள்ள வந்துச்சு?"

"எல்லா மோடும் சேந்து ஓடுதான்னு பாக்க ஒரு சின்ன ரோடு வேணும் ஆன்ட்டி. ஜன்னல் வழியா பாத்து நம்ம தெருவையே போட்டேன். கட்டும்போது அந்த ஃபோல்டரை எடுக்க மறந்துட்டேன்."

"அக்காவை எதுக்குடா நிக்க வச்சே?"

"ஜன்னல் காலியா இருந்துச்சு."

நல்லவேளை, நான் குப்பை கொட்டப் போகும்போது இவன் பார்க்கவில்லை.

மூட்டைக்குக் கீழே யாரோ ஒருவர் எழுதியிருந்ததைக் காட்டினான். 'ஜன்னல் அக்கா யாரு ப்ரோ? ஹார்ன் அடிச்சா திரும்பிப் பாக்குறாங்களே, சூப்பர்.' அதையும் இவன்தான் செய்திருக்கிறான். நிஜத்தில் தெருவில் எந்த வண்டி நின்றாலும் அவள் அப்படித்தான் திரும்புவாள்.

"அந்த ஆளு இதெல்லாம் பாப்பானா?"

"இந்த கேமை எனக்குக் கத்துக்கொடுத்ததே மாமாதான்" என்றவன், அந்த வார்த்தைக்காகவே நாக்கைக் கடித்துக்கொண்டான். "புதுசா என்ன வந்தாலும் முதல்ல எடுத்துடுவான்."

"அழிச்சுத் தொலையேன்!"

அங்கேதான் சிக்கல். நாற்பத்திரண்டு பேரிடம் அனுமதி வாங்கியிருக்கிறான். ஹார்ன் செய்தவர் மட்டும் மூன்று வாரமாகப் பதில் போடவில்லை. போனால் போகிறது என்று சேர்த்துவிட்டான். அவர் அந்தத் தளத்தை நடத்துகிறவர்களிடம் புகார் கொடுத்துவிட்டார். புகார் முடியும்வரை மூட்டையை மாற்றவோ நீக்கவோ கூடாது, ஆதாரம் அழிந்துவிடுமாம். டவுன்லோடு மட்டும் தாராளமாக நடக்கும். என்ன சட்டமோ! நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண்ணிக்கை 2,871லிருந்து 2,880 ஆனது.

"போலீசுக்குப் போலாமே."

அக்கா முதன்முதலாக வாயைத் திறந்தாள். "போன தடவை போனோம். சமாதானமாப் போங்கன்னு அவரையே கூப்பிட்டு என் பக்கத்துல உக்கார வச்சாங்க."

ஹார்ன்காரரிடம் தம்பி காலையிலிருந்து பதினோரு தடவை மன்னிப்புக் கேட்டிருந்தான். காரணத்தைச் சொல்லவில்லை. முகம் தெரியாத ஆளிடம் எப்படிச் சொல்வது? சொல்லப்போனால் அந்த ஹார்ன்காரரே மாமாவாக இருந்தால்?

"அவர ஏதாவது பேசி அனுப்பச் சொல்லு" என்றாள் அக்கா. "குரலைக் கேட்டா எனக்குத் தெரிஞ்சிரும்."

வந்தது. மூவரும் போன்மேல் குனிந்தோம். கரகரத்த வயசான குரல். "என்னத்தப் பேசணும்? நாலு வருஷம் டிப்போ டிப்போவா மைக்கைப் புடிச்சிட்டு நின்னவன் நான். நீ ஒரு நிமிஷத்துல எடுத்துச் சொருகிட்டே. மூணு நாள் தவிக்கட்டும்னுதான் விட்டிருக்கேன்."

அக்கா தலையை ஆட்டினாள். "இது அவர் இல்ல." போனைப் பிடுங்கி, அழைத்து, அவளே பேசினாள். நாலு வாக்கியம்தான். அழவில்லை. மறுமுனையில் ஹார்ன்காரர் எதையோ தட்டும் சத்தம் கேட்டது.

"வாபஸ் வாங்கிட்டேன்மா. பாரு."

தம்பி மூட்டையை அழித்தான். எண்ணிக்கை 2,914இல் நின்றது. நான் மூச்சு விட்டேன். அப்போது அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"ஒண்ணு சொல்லணும்மா. வெள்ளிக்கிழமை ராத்திரியே ஒருத்தர் என்கிட்ட கேட்டார், மூட்டை கட்டின ஆளு யாருன்னு. தெரியலன்னேன். பரவாயில்ல, ஸ்டாப் போர்டுல தெருப்பேரு இருக்கு, பாத்துக்கறேன்னார்."

கேட்ட ஆள் கேமில் வைத்திருக்கும் பட்டப்பெயரைச் சொன்னார். "அவனேதான்" என்றான் தம்பி. வெள்ளி ராத்திரிக்கும் ஞாயிறு காலைக்கும் நடுவில் எவ்வளவு தூரம் வந்துவிடலாம் என்று யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை.

அக்காவுக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு பை, இரண்டு ஜோடித் துணி, சர்டிஃபிகேட் உறை. கட்டிப் பழகிய கை. நான் முன்னால் இறங்கி, போனில் பேசுவதுபோல் வாசலில் நின்றேன். தெருவை வேவு பார்ப்பதில் எனக்கு இருக்கும் அனுபவம் யாருக்கு இருக்கிறது? ஆள் இல்லை. கையசைத்தேன். பின்பக்கச் சந்து வழியாக இருவரும் டாக்சி ஏறினார்கள். எங்கே போகிறீர்கள் என்ற கேள்வி தொண்டைவரை வந்தது. விழுங்கிவிட்டேன். தெரியாதவரைக்கும் யாரும் என்னிடமிருந்து பிடுங்க முடியாது.

மாடிக்கு வந்து தாழ்ப்பாள் போட்டு இருபது நிமிடம் இருக்கும். எதிர்வீட்டு மணி அடித்தது. நிதானமாக மூன்று தடவை. கதவிலிருந்த ஓட்டை வழியாகப் பார்த்தேன். இஸ்திரி போட்ட சட்டை, தோளில் சின்னப் பை, படிய வாரிய தலை. தெருவில் பார்த்திருந்தால் நல்ல இடத்துப் பிள்ளை என்று சொல்லியிருப்பேன். திரும்பி என் மணியை அடித்தான். சங்கிலியோடு கதவை நாலு விரல் திறந்தேன்.

"ஆன்ட்டி, எதிர்வீட்ல இருக்கறவங்க...?"

"அங்கேயா? வருஷக்கணக்கா பூட்டிக் கிடக்குப்பா. ஆள் குடிவந்தா எனக்குத் தெரியாம இருக்குமா?"

அவன் சிரித்தான். குனிந்து, எதிர்வீட்டுக் கதவோரம் கிடந்த இன்றைய பேப்பரை எடுத்துத் தேதியைப் பார்த்தான். மடித்து என்னிடம் நீட்டினான்.

"பரவால்ல ஆன்ட்டி. அவசரமில்ல."

கதவைச் சாத்தினேன். போலீசுக்கு அடித்து, கிசுகிசுத்து விலாசம் சொன்னேன். ஆள் வரும் என்றார்கள். காதைக் கதவில் வைத்திருக்கிறேன். எங்கள் படியில் யார் இறங்கினாலும் செருப்புச் சத்தத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவேன். முக்கால் மணி நேரமாகிறது. ஒரு படிகூட யாரும் இறங்கவில்லை.