பதினேழாம் நம்பர் பெல்ட்

கட்டட வேலையில் கம்பி கட்டுகிறவன் குனியாமல் எப்படிக் கட்டுவான்? இதைக் கேட்க நாதியில்லை. எல்லார் இடுப்பிலும் ஆளுக்கொரு பெல்ட்டை மாட்டிவிட்டார்கள். ரொம்ப நேரம் குனிந்தால் முதுகில் கிர்ரென்று அதிரும். ஆபீஸ் திரையில் நம் நம்பர் சிவப்பாகும். வாரத்தில் மூன்று நாள் சிவந்தால், "முதுகு போச்சு, வீட்டுக்குக் கிளம்பு" என்பார்கள். என் நம்பர் பதினேழு. புதன்கிழமைக்குள் இரண்டு நாள் சிவந்தாயிற்று.

தம்பிதான் வழி சொன்னான். அதே கட்டடத்தின் அடித்தளத்தில் தண்ணீர் மோட்டார் பார்ப்பவன். நாளெல்லாம் தனியாக நிற்பதுதான் வேலை.

"உன் பெல்ட்ட எங்கிட்ட குடுண்ணே. என்னுது இன்னும் ஒருநாள்கூட சிவக்கல, ரெண்டு நாள் தாங்கும். நான் நிக்கிற விறைப்பப் பாத்து உனக்கு மெடலே குத்துவாங்க."

மாற்றிக்கொண்டோம்.

மறுநாள் பதினொரு மணிக்கு மேஸ்திரி மூச்சிரைக்க மூன்றாம் மாடி ஏறி வந்தார். "ஏய் பதினேழு! நீ விழுந்து அசையாம கெடக்கேன்னு ஆபீஸ்ல மெஷின் கத்துது. நீ என்னடான்னா குத்துக்கல்லாட்டம் இருக்க!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பாவி. பெல்ட் மாற்றியது தெரிந்தால் இரண்டு பேர் வேலைக்கும் உலை வைத்துவிடுவார்களே என்ற பயம்தான் முதலில் வந்தது. சோம்பேறிப்பயல், எங்கேயோ காலை நீட்டிப் படுத்துவிட்டான் என்று மனதுக்குள் திட்டினேன்.

"எனக்கென்ன மேஸ்திரி, நல்லாத்தான இருக்கேன். மெஷினுக்குத்தான் கிறுக்குப் பிடிச்சிருக்கு."

அவர் போன் போட்டு அந்தச் சத்தத்தை நிறுத்தச் சொன்னார். நான் மறுபடி குனிந்தேன்.

சாப்பாட்டு நேரத்துக்கு அவன் மேலே வரவில்லை. டப்பாவை எடுத்துக்கொண்டு, நாலு வார்த்தை திட்டலாம் என்றுதான் இறங்கினேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ஈரப் படிக்கட்டின் அடியில் மண்டை உடைந்து கிடந்தான். மூச்சு மட்டும் மெல்ல வந்துகொண்டிருந்தது.

ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் அதுவும் நின்றுவிட்டது. "ஒரு மணி நேரம் முன்னாடி கொண்டுவந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்" என்றார் டாக்டர்.

வராந்தாவில் தம்பி மனைவி என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "விழுந்தா கத்தும்னு சொன்னாங்களே மாமா! அது கத்தவே இல்லையா?"

"கத்துச்சும்மா," என்றேன். "எனக்கு ஒண்ணும் இல்லன்னு நான்தான் சொல்லிட்டேன்."