சத்தம் வராமல் ஒரு சண்டை

என் மனைவி வீட்டில் அன்பைக்கூட அடித்துத்தான் காட்டுவார்கள். "சாப்பிட்டியா?" என்று கேட்டாலே கழுத்தைப் பிடித்துக் கேட்பது போலிருக்கும். அவள் நெற்றியில் ஒரு தழும்பு உண்டு, தம்பி எறிந்த கரண்டி. தம்பிக்கு முன்பல் ஒன்று பாதிதான் இருக்கிறது, மீதி அக்கா உபயம். கல்யாணமான புதிதில் நடுவில் புகுந்து விலக்கப் போய் இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதற்குப் பிறகு ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்பதோடு சரி. எனக்கும் கோபம் வரும். வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத் தானாக எழுந்து போய்விடும். அதை ஒரு பெரிய குணமாக நினைத்து உள்ளுக்குள் கொஞ்சம் மிதப்பாகவே இருந்தேன்.

நாங்கள் வளர்ப்பது ஈனும் குதிரைகள். தாய்கள் ஒன்பது, அவற்றின் காலடியில் குட்டிகள், சுற்றிலும் மரவேலி போட்ட மேய்ச்சல். அந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. புல் தரையோடு ஒட்டிக் காய்ந்து கிடந்தது. வயிற்றில் குட்டி இருக்கும்போதுகூடக் குதிரை சமாளித்துக்கொள்ளும், பால் கொடுக்கும்போதுதான் அதற்குத் தீனி நிறைய வேண்டும். கிடைக்காவிட்டால் தன் முதுகுச் சதையை உருக்கிப் பாலாக்கும். எங்கள் குதிரைகளுக்கு விலா எலும்பு தெரிய ஆரம்பித்திருந்தது. என் மனைவி தினமும் ஒவ்வொன்றின் விலாவையும் தடவிப் பார்ப்பாள். பார்த்துவிட்டு வந்து என்னைத் திட்டுவாள், மழையை நான்தான் நிறுத்தி வைத்திருப்பது போல.

மந்தைக்குத் தலைவி ஒரு கிழட்டுப் பழுப்புக் குதிரை. அவளுக்கு மாமியார் என்று பெயர் வைத்தவள் என் மனைவிதான். மாமியார் காதை மடக்கினால் மற்ற எட்டும் நகர்ந்துவிடும். அதனால் தீவனம் வைப்பதில் எங்களுக்கு ஒரு முறை இருந்தது. குதிரைகளைவிட ஒரு வாளி கூடுதலாக வைப்போம். உதை எட்டாத தூரம் விட்டு வைப்போம். மாமியாருக்குத்தான் முதலில். விரட்டப்பட்டது எதுவானாலும் போய் நிற்க ஒரு வாளி காலியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ரத்தம் பார்க்காமல் விடாது. குட்டிகளுக்கு வேலி ஓரத்தில் தனி அடைப்பு. வாசலில் குறுக்கே ஒரு கட்டை. குட்டி அதன் அடியில் நுழைந்துவிடும், தாய் தலையை மட்டும் நீட்டிவிட்டுப் பெருமூச்சு விடும். அவற்றின் தீவனம் வேறு, மூட்டையும் வேறு.

தாய்களின் தீவனம் அந்தத் தம்பியின், அதாவது என் மச்சானின், மில்லில் அரைபட்டு வரும். அந்த வாரம் அது வரவில்லை. மாட்டுக்காரர்கள் எல்லாம் ஒரே சமயத்தில் மில்லில் போய் விழுந்திருந்தார்கள், அவர்களுக்கும் புல் இல்லை. காலையில் என் மனைவி போனை எடுத்தாள். ஸ்பீக்கரில் போடவில்லை, ஆனாலும் முற்றத்தில் நின்ற எனக்கு இரண்டு பக்கமும் கேட்டது.

"அக்கா, மாட்டுத் தீவனம் ஓட்டி முடிச்சிருக்கேன். வெறும் சோளம் ஒரு தடவை ஓட்டி மிஷினைக் கழுவணும். நாளைக்குக் காலைல அனுப்பறேன்."

"நாளைக்கா? இங்க குட்டிங்க வெறும் மடியைச் சப்பிக்கிட்டு நிக்குது. உனக்குக் கழுவணுமா? உன் மூஞ்சியைக் கழுவு முதல்ல. இன்னிக்கு மதியம் மூட்டை இங்க வரலைன்னா நான் அங்க வருவேன். வந்தா மில்லு இருக்காது."

"சொல்றதைக் கேளுக்கா..."

"வருவேன்."

மதியம் மூட்டைகள் வந்துவிட்டன. மச்சான் பயந்து அனுப்பினான் என்று சொல்ல மாட்டேன். அக்கா சொன்னால் செய்து பழகியவன், அவ்வளவுதான். அன்று சாயங்காலமே நான்தான் வாளிகளில் போட்டேன். மாமியார் முகர்ந்து பார்த்தாள், கொஞ்சம் தின்றாள், மூக்கைச் சுருக்கிக்கொண்டு விலகிப் போனாள். திமிர் என்று நினைத்தேன். அவள் விட்டதையும் சேர்த்து மற்றவை வழித்துத் தின்றன.

மறுநாள் சாயங்காலம் ஒன்று புல்லைத் தொடாமல் நின்றது. வெயில் இறங்கிய பிறகும் அதன் உடம்பெல்லாம் வேர்வை. பின்கால் இரண்டும் குடிகாரன் கால் போலத் தள்ளாடின. மூத்திரம் காப்பி நிறத்தில் போயிற்று. பொழுது விடியும்போது மூன்று செத்துக் கிடந்தன. நான்காவது என் கண்ணெதிரே விழுந்தது. விழுந்து சும்மா கிடக்கவில்லை. நான்கு காலையும் உதறி, தலையைத் தரையில் அறைந்து அறைந்து, வேலிக் கட்டையை உடைத்தது. கட்டையோடு சேர்ந்து அதன் முன்கால் எலும்பும் முறிந்தது. ஒரு கண் மண்ணில் தேய்ந்து பிதுங்கியது. அதன் குட்டி நெருங்கி வந்து மடியை முட்ட, உதறிய கால் அதைத் தூக்கி எறிந்தது. குட்டி எழுந்து நொண்டிக்கொண்டே மறுபடியும் மடிக்கு வந்தது. என் மனைவி அந்தக் குட்டியைக் கட்டிப்பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அவள் முழங்கை வரை ரத்தம், யாருடையது என்று தெரியவில்லை.

மாட்டு டாக்டர் வருவதற்குள் ஆறு போய்விட்டன. அவர் மூட்டையில் கைவிட்டு அள்ளிப் பார்த்தார், இதற்கு முன்னால் அந்த மிஷினில் என்ன அரைத்தார்கள் என்று கேட்டார். நான் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மாட்டுத் தீவனத்துல ஒரு மருந்து கலப்பாங்க. மாடு நல்லாச் சதை போடும். அது துளி கலந்தாப் போதும், குதிரை செத்துடும். மாத்து மருந்து கிடையாது."

"மிச்சம் மூணு?" என்றாள் என் மனைவி.

டாக்டர் மாமியாரின் நெஞ்சில் நெடுநேரம் குழாயை வைத்துக் கேட்டார்.

"இதயம் நைஞ்சு போய் இருக்கு. நின்னா நிக்கும். ஓடுனா அப்பவே முடிஞ்சுது. ரெண்டு மூணு நாள் ஆடாம அசையாம கடத்திட்டீங்கன்னா பிழைக்க வழி இருக்கு. வேகமா நடக்கக்கூட விடாதீங்க. பயப்படுத்தாதீங்க. யாரும் சத்தமே போடக்கூடாது." கடைசி வார்த்தையை என் மனைவியைப் பார்த்துத்தான் சொன்னார். ஊருக்கே தெரிந்த தொண்டை அது.

அந்த நேரத்திலிருந்து என் மனைவி கிசுகிசுக்க ஆரம்பித்தாள். செத்தவற்றை அப்புறப்படுத்த டிராக்டரைக் கிளப்ப முடியாது, மிரண்டுவிடும். ஆறு உடல்களும் வெயிலில் உப்பிக்கொண்டு அங்கேயே கிடந்தன. நாற்றத்துக்கு நாய்கள் வந்தன. வாயைத் திறந்து விரட்ட முடியாமல் கல்லால் அடித்தோம். என் மனைவி எறிந்த கல் ஒன்று ஒரு நாயின் தாடையில் பட்டு அது கத்தப் பார்த்தது. அவள் ஓடிப்போய் அதன் வாயைப் பொத்தி, கழுத்தோடு அழுத்தி, அது அடங்கும் வரை விடவில்லை. நாய் செத்துப்போனது. அவள் கையைப் புல்லில் துடைத்துவிட்டு வந்து மாமியாருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். மாமியார் மர நிழலில் தலையைத் தொங்கப் போட்டு நின்றாள். கழுத்து நரம்பு துடிப்பது தூரத்திலிருந்தே தெரிந்தது. அவள் குட்டி மட்டும்தான் தாய்ப்பால் குடித்துக்கொண்டிருந்தது. மற்ற இரண்டுக்கும் பால் வற்றிவிட்டது.

"இவ ஒருத்தி போதும்," என்றாள் என் மனைவி என் காதருகில். "இவ பிழைச்சா நான் திரும்பவும் மந்தை சேர்ப்பேன். இவளும் போனா நான் வேலியைப் பிரிச்சிடுவேன்." அவள் கண்ணில் தண்ணீர் இல்லை. எனக்கு இருந்தது.

மதியம் மச்சான் வந்தான். லாரியைச் சாலையிலேயே விட்டுவிட்டு, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, வரப்பு ஓரமாக நடந்து வந்தான். டாக்டர் அவனிடமும் சொல்லியிருக்க வேண்டும். செத்துக் கிடந்தவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தான். இதில் பாதி ஒரு காலத்தில் அவன் தோளில் தூக்கி விளையாடிய குட்டிகள்தான்.

என் மனைவி அவனைப் பார்த்தாள். வேலியில் சாய்த்து வைத்திருந்த, டயர் கழற்றும் இரும்பு லீவரை எடுத்தாள்.

அப்படி ஒரு சண்டையை நான் பார்த்ததில்லை. அந்தக் குடும்பத்தில் சண்டை என்றால் முதலில் வாய், அப்புறம்தான் கை. அன்று வாயே இல்லை. அவள் ஒன்றும் பேசாமல் போய் அவன் தோளில் ஓங்கி ஒன்று போட்டாள். அவன் முட்டி போட்டுச் சரிந்தான். வாயைத் திறந்தான், மாமியார் இருந்த பக்கம் பார்த்தான், சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டான். அடுத்த அடியைக் கையை நீட்டித் தடுத்தான். முன்கை எலும்பு உடைந்தது. பச்சைக் குச்சி முறிகிற சத்தம், அவ்வளவுதான். அவன் முகம் வெளுத்தது, கண்ணில் தண்ணீர் தாரையாக இறங்கியது, தொண்டையிலிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை. அவள் விலாவில் அடித்தாள். முதுகில் அடித்தாள். அடிக்கும்போது அவளும் பல்லைக் கடித்து மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள். அடி வாங்குகிறவனும் அடிக்கிறவளும் ஒரே குதிரையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். நான் வழக்கம்போல ஓரமாக நின்றேன். குதிரைகள் நிழலில் அசையாமல் நின்றன.

கொஞ்ச நேரத்தில் அவன் ஒற்றைக் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தான். வாயிலிருந்து ரத்தம் வழிந்தது. மிக மெல்லிய குரலில் பேசினான்.

"கழுவணும்னு சொன்னேன்க்கா. நீதானே வேண்டாம்னே."

அவன் பழி போடவில்லை. சின்ன வயதில் அம்மாவிடம் நியாயம் கேட்பது போலத்தான் கேட்டான். ஆனால் அவள் முகத்தில் இருந்த ஏதோ ஒன்று விட்டுப்போயிற்று. இத்தனை நேரம் அவள் அடித்துக்கொண்டிருந்தது, தன் தப்பு தனக்கே தெரியக்கூடாது என்றுதான் போலிருக்கிறது. லீவரை இரண்டு கையாலும் பிடித்துத் தலைக்கு மேல் தூக்கினாள். இந்த முறை தோளுக்கு இல்லை, விலாவுக்கும் இல்லை. அவனுக்கும் அது தெரிந்தது. தலையைக் குனிந்துகொண்டானே தவிர விலகவில்லை.

எனக்கும் அவர்களுக்கும் நடுவில் இருபது அடி. ஓடினாலும் எட்டாது.

நான் கத்தினேன். அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். எனக்குள் அப்படி ஒரு குரல் இருந்தது எனக்கே தெரியாது. மேய்ச்சல் முழுக்க அது போய் முட்டித் திரும்பியது.

லீவர் அப்படியே நின்றது. மாமியார் நிற்கவில்லை. தலையைத் தூக்கினாள், காதை விறைத்தாள், ஓடினாள். நல்ல வயதில் ஓடுவது போல நீட்டி ஓடினாள், குட்டி பக்கத்தில் பாய்ந்தது. நீர்த்தொட்டி வரைக்கும்தான். முன்கால்கள் மடங்கின, முகம் தரையில் உழுதுகொண்டு போயிற்று, அந்தக் கனத்த உடம்பு தன் கழுத்தின் மேலேயே புரண்டு விழுந்தது. மூக்கிலிருந்து நுரையும் ரத்தமும் கொட்டியது. ஒரு தடவை உதைத்தாள். குட்டி தனியாகச் சிறிது தூரம் ஓடிவிட்டு, தாய் வரவில்லை என்று திரும்பி வந்தது.

மற்ற இரண்டும் மிரண்டு திரும்பின. உடைந்த கையைத் தொங்கவிட்டுக்கொண்டு மச்சான்தான் எழுந்து அவற்றின் முன்னால் போய், நல்ல கையை மெதுவாக நீட்டி நின்றான். அவன் முகத்தை முகர்ந்து பார்த்துவிட்டு அவை நின்றுவிட்டன.

என் மனைவி லீவரைக் கீழே வைத்தாள். போடவில்லை, சத்தம் வராமல் வைத்தாள். மாமியாரிடம் போய்த் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க," என்றாள். அப்போதும் கிசுகிசுத்தாள்.

அவன் லாரியை நானே ஓட்டினேன். பள்ளத்தில் வண்டி தூக்கிப் போட்டபோதும் அவன் முனகவில்லை. ஆஸ்பத்திரியில் கட்டுப் போடுகிறவர் சட்டையின் முதுகுப் பக்கத்தைக் கத்தரித்து விலக்கினார். முதுகைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இது எப்படி ஆச்சு?"

"குதிரை உதைச்சிடுச்சு," என்றான் மச்சான்.

"எந்தக் குதிரை, இந்த உதை உதைக்குது?"

"ஒரு கிழட்டுக் குதிரை. பழுப்பு. இப்ப இல்ல, செத்துப்போச்சு."

மாமியார் தன் ஆயுளில் ஒரு மனிதனைக்கூட உதைத்ததில்லை. என் மனைவி குட்டியை அவள் மடியிலிருந்து பிடுங்கி எடுத்தபோதும் உதைத்ததில்லை. எனக்கு வாய் வரை வந்தது.

"போனா போகட்டும், சனியன் விட்டுச்சு," என்றார் கட்டுப் போடுகிறவர் ஆறுதலாக. "அந்த மாதிரி ஜென்மத்தை எல்லாம் வெச்சு வளர்க்கக் கூடாது."

மச்சான் தலையாட்டினான். பிறகு அவன் தாடை நடுங்க ஆரம்பித்தது. எலும்பை இழுத்துச் சேர்க்க அவர் கையைத் தொடக்கூட இல்லை, அதற்குள் அவன் குனிந்து, கிழிந்து தொங்கிய காலரைத் தேடி வாயில் திணித்துக்கொண்டான். நான் அதைப் பிடித்து இழுத்து எடுத்தேன்.

"கத்து மச்சான்," என்றேன். "இங்க ஓடறதுக்கு ஒண்ணுமில்ல."

அவன் கத்தினான். வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்றார்கள்.