சுவர் பார்த்த சபை

எங்கள் ஊருக்கு இந்த முறை பெண்தான் தலைவர் என்று ஜெய்ப்பூரில் முடிவு செய்துவிட்டார்கள். நாங்களும் கட்டுப்பட்டோம். என் அண்ணன் மகன் கேசாராமின் பெண்டாட்டி சுக்னி ஜெயித்தாள். நாற்காலியில் கேசாராம் உட்கார்ந்தான்.

சுக்னி தரையில், மோவாய்வரை முக்காடு இழுத்து உட்காருவாள். மாமனார் முறைக்காரர்கள் முன்னால் அவள் குரல் கேட்கக் கூடாது. புருஷன் காதில் சொல்வாள். அவன் சபைக்குச் சொல்வான். அவள் பத்து வார்த்தை சொன்னால் அவன் வாயிலிருந்து நூறு வரும். அந்தப் பத்து மட்டும் அதில் இருக்காது.

அந்த வருஷம் அரசாங்கம் ஒரு ஆழ்துளைக் கிணறு கொடுத்தது. பள்ளிக்கூடத்துப் பக்கம் வேண்டும் என்று பெண்கள் கேட்டிருந்தார்கள். குளத்துக்கு மூன்று மைல் நடை. போன கோடையில் அந்த வழியில்தான் குடத்தோடு விழுந்து சுக்னிக்குக் கரு கலைந்தது.

அதிகாரி வந்தார். "தலைவியம்மா, எங்க தோண்டலாம்?"

சுக்னி வெகுநேரம் காதில் சொன்னாள். கேசாராம் எழுந்தான். "எங்க சீரக வயல்லயே தோண்டிடச் சொல்றா, ஐயா."

"அவ்ளோ நேரம் சொன்னது இவ்ளோதானாடா?" என்றேன்.

"மிச்சம் வீட்டு விஷயம், சித்தப்பா."

சுக்னி எழுந்தாள். முக்காட்டை விலக்கினாள்.

எங்கள் ஊர் மரியாதை தெரிந்த ஊர். மருமகள் முகத்தைப் பார்ப்போமா? நாற்பத்திரண்டு ஆண்களும் சுவர்ப் பக்கம் திரும்பினோம். அதிகாரியும் இந்த ஜில்லாக்காரர்தான், திரும்பினார். வாசலில் நின்ற ஒட்டகமும் திரும்பியது. அதற்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

"பள்ளிக்கூடத்துப் பக்கத்துல," என்றாள். "கேக்குதா? பள்ளிக்கூடத்துப் பக்கத்துல! யாராவது ஒருத்தர் திரும்பிப் பாருங்களேன்!"

"இன்னும் எவ்ளோ நேரம்டா? கழுத்து புடிச்சுக்கிச்சு," என்றார் அண்ணன், சுவரிடம்.

சுவர் நன்றாகப் பூசியிருந்தது. கவனித்துப் பார்த்தேன்.

முகம் பார்க்காமல் பேசியது யாரென்று எப்படி எழுதுவது? குமாஸ்தா யோசித்தார். 'தலைவி வரவில்லை. கணவர் சொன்ன இடம் ஏற்கப்பட்டது' என்று எழுதினார். சாட்சிக் கையெழுத்து ஐந்து. மூன்றாவது என்னுடையது.

சீரகம் அமோகமாக விளைந்தது. மோட்டார் அறைச் சாவி கேசாராம் இடுப்பில். சுக்னி குடத்தோடு குளத்துக்கு நடக்கிறாள். என்னைக் கடக்கும்போது இப்போதெல்லாம் முக்காட்டை இழுப்பதில்லை.

நான்தான் திரும்பிக்கொள்கிறேன்.