ஆணி இருக்கும் பக்கம்

என்னிடம் மெசின் வாள் இருக்கிறது. ஆனால் அதை எப்படிப் பிடிக்க வேண்டும் என்பது மட்டும் எங்கள் தோட்டத்தில் என்னைத் தவிர எல்லோருக்கும் தெரியும். மேட்டில் நின்ற அந்தப் பெரிய மாரா மரத்தை வெட்டத் தோட்டத்துத் துரை சம்மதித்த நாளிலிருந்து ஆளாளுக்கு யோசனை சொல்லி என் உயிரை வாங்கினார்கள்.

வெட்டாமல் விடவும் முடியாது. மழையில் மேட்டு மண் இளகி, மரம், நாங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தின் கடைசிக் காம்பரா அறையின் மேல் சாய்ந்து நின்றது. அந்தக் காம்பராவில்தான் என் அக்கா மெரினாவும் அவள் புருஷன் சுதாகரனும் குடியிருந்தார்கள். இன்னொரு பெருமழை வந்தால் தூங்குகிற இடத்திலேயே நசுங்கிப் போவார்கள்.

ருவான்வெல்லைக் கடைவீதியில் மெசின் வாளுக்குச் சாமான் விற்பவர் முக்தார் நானா. மரத்தின் அகலத்துக்கு அளந்து வெட்டிய ரப்பர் மரக் கம்பை அவர் மேசையில் வைத்தேன். சுவரில் தொங்கிய பார்களை, அதாவது சங்கிலி சுற்றி ஓடும் அந்த இரும்புப் பட்டைகளை, ஒவ்வொன்றாக இறக்கிக் கம்போடு சேர்த்து வைத்துப் பார்த்தார்.

"ஒன்கிட்ட இருக்கிற சின்னப் பாரே போதுமே சாள்ஸ். இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி வெட்டினா முடிஞ்சிச்சு."

"அந்தப் பக்கம் ஓடைச் சரிவு நானா. கால் நிக்காது. ஒரே பக்கமா நின்னு வெட்டுற மாதிரி நீளமா குடுங்க."

முப்பத்தாறு அங்குலப் பார் ஒன்றை எடுத்து, கண்ணுக்கு நேரே பிடித்து, வளைவு இருக்கிறதா என்று பார்த்தார்.

"ஒன்ட மெசின் பெரிசு, இதை இழுக்கும். எண்ணெயக் கூட்டி வுடு, நுனி வரைக்கும் போகாட்டி சூடேறும். ஒண்ணு மட்டும் சொல்றேன். நீளமான பார்ல, நுனி என்னத்தக் கடிக்குதுன்னு பிடிச்சிருக்கிறவனுக்குத் தெரியாது."

"கடிக்கிறதுக்கு என்ன இருக்கு? மரந்தானே!" என்றேன் எரிச்சலோடு.

சரிவு என்று சொன்னது சாக்கு. அந்தப் பக்கம் ஆணிப் பக்கம். அங்கே போய் நிற்க எனக்குப் பயம். ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிறவன் இதைக் கடையில் வைத்துச் சொன்னால் மானம் போய்விடும்.

எங்கள் தோட்டத்தில் யாரையாவது பேய் பிடித்தால், பூசாரி அவர்களை அந்த மரத்தடிக்குக் கூட்டிப் போவார். உச்சி மயிரில் ஒரு கொத்தை ஆணியில் சுற்றி, மரத்தில் அறைந்து, மயிரை அறுத்துவிடுவார். ஆள் வீட்டுக்குத் திரும்பும், பிடித்தது மரத்தில் நின்றுவிடும். அந்த ஆணியைப் பிடுங்கக் கூடாது, அதன்மேல் வேறு இரும்பு படக் கூடாது. பட்டால் கட்டு அவிழ்ந்துவிடும் என்பார்கள்.

அக்காவுக்கும் சின்ன வயதில் அப்படி ஓர் ஆணி அடித்தார்கள். மேட்டிலிருந்த மேல் லயம் மண்சரிவில் புதைந்த வருஷம் அது. அங்கே புதைந்த ஒரு பெண்ணை எடுக்கவே முடியவில்லை. கொஞ்ச நாளில் அக்கா எங்கள் வாசலில் நின்றுகொண்டு, பெற்ற அம்மாவையே யாரோ மாதிரிப் பார்த்து, "என் காம்பரா எங்க?" என்று கேட்கத் தொடங்கினாள். குரல் அவளுடையது இல்லை. உள்ளே வா என்றால் வர மாட்டாள். பகல் முழுக்க அந்த ஒரே கேள்வி. அம்மா செபமாலை சொல்லிப் பார்த்தாள், தீர்த்தம் தெளித்துப் பார்த்தாள், கடைசியில் பங்குச் சுவாமியாருக்குத் தெரியாமல் பூசாரியிடம் போனாள். அக்காவை வேரில் உட்காரவைத்து ஆணி அடித்ததை நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அன்று மாலையே அவள் வீட்டுக்குள் வந்து சோறு கேட்டாள்.

சுதாகரன் மச்சான் வெளியூர், கொடகவெலப் பக்கத்து ஆள். அவருக்கு இதை யாரும் சொல்லவில்லை. எதற்கும் வாயை மூடாத எங்கள் லயம் இதில் மட்டும் வாய் திறக்காதது பெரிய ஆச்சரியம்.

வெட்டுகிற அன்று காலை, மச்சான் கம்பிக்கயிறு எடுக்கப் போன நேரம் பார்த்து, அக்கா என்னை மரத்தடிக்குக் கூட்டிப் போனாள்.

"தம்பி, என் ஆணி மேல வாள் படாமப் பாத்துக்க."

"எங்க இருக்குன்னே தெரியலியே அக்கா. பட்டை மூடிருச்சு."

"அப்ப மரம் சிறுசு. மரம் வளர வளர ஆணியும் மேல போயிருக்கும்ல?"

இருவரும் அண்ணாந்து பார்த்தோம். என் தலைக்கு மேலே, பட்டையில் ஒரு புடைப்பு. அதிலிருந்து துருத் தண்ணீர் வழிந்த மாதிரி ஒரு கறை.

"அந்தா," என்று சொல்லிச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். அடியில் வெட்டிச் சாய்த்து, அந்தப் புடைப்புள்ள துண்டை மட்டும் அறுக்காமல் ஓடைக்கரையில் போட்டுவிடுவோம் என்று பேசிக்கொண்டோம். அக்கா நிம்மதியாகத் தேத்தண்ணி போடப் போனாள்.

மேட்டுப் பாறையில் கம்பிக்கயிற்றைக் கட்டி, மரத்தை லயத்துக்கு எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடித்தோம். நான் என் பக்கத்திலேயே நின்று, தொடை உயரத்தில் பாரை நுழைத்தேன். புதுச் சங்கிலி சுகமாக இறங்கியது. நுனி ஆணிப் பக்கத்தை நெருங்கும்போது மெசின் கையில் உதறியது. கிரீச்சென்று ஒரு சத்தம். ஒரு பொறி.

நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் அக்காவின் கூரைக்கு மேல் பாதி வெட்டிய மரத்தை யார் அப்படியே விடுவார்? அழுத்தினேன். அப்போதுதான் அந்த வாடை வந்தது. பெட்ரோலும் இல்லை, மரத்தூளும் இல்லை. மயிர் கருகும் வாடை.

மரம் மேட்டுப் பக்கமே விழுந்தது. லயம் முழுக்கக் கூச்சல். மச்சான் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தார். நான் அவரை விலக்கிவிட்டு மறுபக்கம் போனேன்.

அடிக்கட்டையின் ஓரத்தில் நீளவாக்கில் சீவப்பட்ட ஓர் ஆணி பளபளத்தது. ஒரு சின்னப் பிள்ளை வேரில் உட்கார்ந்தால் தலை எங்கே வருமோ, அங்கே. ஒரு விரல்கூட மேலே போகவில்லை. மரம் உச்சியில்தான் உயர்ந்திருக்கிறது. அடியில் வெறுமனே தடித்து, ஆணியை மூடி, அடித்த இடத்திலேயே வைத்திருந்திருக்கிறது. சங்கிலிப் பல்லில் மெல்லிய மயிர் கொஞ்சம் சுற்றியிருந்தது. மச்சான் பார்ப்பதற்குள் பிய்த்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

அக்கா தேத்தண்ணித் தட்டோடு வாசலுக்கு வந்தாள். அவளுக்குப் பின்னால் காம்பரா அப்படியே இருந்தது, ஒரு தகரம்கூட நசுங்காமல்.

"பாத்தியா மெரினா, ஒன் தம்பி காம்பராவக் காப்பாத்திட்டான்!" என்றார் மச்சான்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு, வாசலை விட்டு இறங்கி, மேல் லயம் இருந்த மேட்டைப் பார்த்தாள். இத்தனை வருஷமாக மரம் அதை மறைத்துக்கொண்டிருந்தது.

"என் காம்பரா எங்க?"

மச்சான் விழுந்து விழுந்து சிரித்தார். "பின்னாடிதான் இருக்கு. திரும்பிப் பாரு!"

அவள் திரும்பினாள். திறந்து கிடந்த கதவையும், உள்ளே எரிந்துகொண்டிருந்த அடுப்பையும் நின்று பார்த்தாள். பிறகு என்னிடம் வந்து, வழியில் கண்ட ஆளிடம் கேட்பது போல மரியாதையாகக் கேட்டாள்:

"இது யாரு காம்பராங்க?"