சூளை வாசலில் இருந்த தவளை

சாட்சிக் கூண்டில் ஏறுவதற்கு முன் வக்கீல் பானுமதி என் கையைப் பிடித்துக்கொண்டார். "அக்கா, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க." எனக்கு அது காதில் சரியாக ஏறவில்லை.

வழக்கு என் தவளை ஜாடியைப் பற்றியது. வாயைப் பிளந்து உட்கார்ந்திருக்கும் பீங்கான் தவளை. வாய்க்குள் கைவிட்டு உப்பை அள்ளலாம். அந்த உருவம் எனக்கு மட்டுமே உரியது என்று டிசைன் பதிவு வாங்கியிருந்தேன். ஆறே மாதத்தில் சென்னை வியாபாரி ஒருவன் அதையே விற்க ஆரம்பித்தான். கைதவறி நான் வைத்த மச்சத்தைக்கூட விடவில்லை, வெட்கங்கெட்டவன். தானே வரைந்ததாம்! பதிவு செல்லும் என்றால் கோர்ட்டு அவனைத் தடுக்கும். செல்லாது என்றால் பிழைப்பே போச்சு; என் யூனிட்டில் வேலை செய்யும் ஐந்து பெண்களுக்கும் எனக்கும் அந்தத் தவளையை விட்டால் வேறு கதி இல்லை.

நான்தான் செய்தேன் என்று எப்படி நிரூபிப்பது? எனக்கு அந்த ஒரு பயம்தான். அவனிடம் கம்ப்யூட்டர் படம் இருந்தது. என்னிடம் என்ன இருந்தது?

முந்தின நாள்தான் பொறி தட்டியது. விருத்தாசலத்தில் எங்கள் யூனிட்டுகளுக்கெல்லாம் ஒரே பொதுச் சூளை. சரக்கு கலந்துவிடாமல் இருக்க, அடியில் ஆணியால் அவரவர் குறியையும் தேதியையும் கீறிவிடுவோம். புதிதாக எது செய்தாலும் முதல் உருப்படி சூளைக்காரருக்கு. அவர் அதைச் சூளை வாசல் அலமாரியில் வைப்பார். சூளைக்காரர் பச்சமுத்து அண்ணனிடம் ஓடினேன். என் தவளை தூசியோடு அங்கேயே இருந்தது.

"தவளை தன் வாயால கெடும்னு அன்னிக்கே சிரிச்சேனே அருக்காணி, நெனப்பு இருக்குதா?" என்று துடைத்துக் கொடுத்தார்.

பஸ் தாமதமானதில் பானுமதியிடம் காட்ட நேரமில்லை. பையோடுதான் கூண்டில் ஏறினேன்.

"இது நீங்க செஞ்சதுன்னு என்னம்மா ஆதாரம்?" என்றார் எதிர்த்தரப்பு வக்கீல்.

பையிலிருந்து தவளையை எடுத்தேன். "அடியில பாருங்கய்யா. என் குறி, தேதி எல்லாம் இருக்குது."

அவர் திருப்பிப் பார்த்தார். குரல் சட்டென்று கனிந்துவிட்டது. "பதிவுக்கு விண்ணப்பம் போட்டதுக்கு நாலு மாசம் முன்னாடியே சுட்டிருக்கீங்க. அப்பவே யாராவது பார்த்தாங்களாம்மா?"

"சூளை வாசல்லயே இருந்துச்சுங்க. ஊரே பார்த்துச்சு!"

பானுமதி கண்ணை மூடிக்கொண்டார். விண்ணப்பம் எழுதிய அன்று அவர் கேட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது: 'இத இதுக்கு முன்னாடி வெளியில காட்டியிருக்கீங்களா?' ஒன்றுகூட விற்கவில்லையே என்று நினைத்து, 'இல்லை' என்றிருந்தேன். சூளை எங்களுக்கு வெளியா என்ன?

எதிர்த்தரப்பு வக்கீல் நீதிபதியைப் பார்த்துத் திரும்பினார். "ஐயா, இது இந்தம்மா செஞ்சதுதான், ஒத்துக்கிறோம். ஆனா பதிவுக்கு முன்னாடியே ஊர் பார்த்த உருவத்துக்குப் பதிவு செல்லாது. யார் வேணும்னாலும் செய்யலாம்."

தவளையை ஆதாரமாக வாங்கி வைத்துக்கொண்டார்கள். வெறும் பையோடு வெளியே வந்தபோது போன் அடித்தது. பச்சமுத்து அண்ணன்.

"என்னம்மா, ஒன்னுதுதான்னு ஒத்துக்கினாங்களா?"

"ஒத்துக்கிட்டாங்கண்ணே" என்றேன்.