அழுத வீட்டுச் சிவப்பு

இதில் ஒரு சொல் பொய்யென்றால் சொன்ன நாக்கு அழுகிப்போகட்டும்: சாயக்காரன் செத்தபோது அவனைப் புதைக்கவில்லை, நாலாக மடித்துத் துணிப்பெட்டியில் வைத்தார்கள். காரணம் பட்டாம்பூச்சி. மழை மறந்துபோன அந்தப் பொட்டல்காட்டுப் பூச்சி, சிறகை மூடினால் காய்ந்த சருகு, விரித்தால் ரத்தச் சிவப்பு. புழுவாக இருக்கையில் முட்செடியின் இலையெல்லாம் தின்று முள்ளை மட்டும் மிச்சம் வைக்கும். உச்சிவெயிலில் தன் நிழல்கூடத் தரையில் விழாதபடி சாய்ந்து உட்காரும். சிறகு முளைத்தபின் தேனைச் சீண்டாது, உப்புத்தான் வேண்டும். மாட்டு மூத்திரம், வியர்வை, எல்லாவற்றுக்கும் மேலாகக் கண்ணீர். சாயக்காரனின் மனைவி தாயைப் பறிகொடுத்து அழுத அன்று அவை ஜன்னல் வழியே கூட்டமாக வந்து, அவள் கன்னத்தில் உட்கார்ந்து குடித்தன. குடித்த கிறக்கத்தில் சிறகை உதறின. அந்தத் தூள் பட்ட துணியை எத்தனை முறை துவைத்தாலும் சிவப்பு போகவில்லை.

அதன்பின் அவளுக்கு அழுகைதான் வேலை. சாயக்காரன் முதலில் அடித்துப் பார்த்தான். அடி அவளுக்கு மரத்துப்போயிற்று. பிறகு கதவைப் பூட்டிவைத்துவிட்டு, காலைதோறும் அவள் சொந்தத்தில் ஒருவரைச் சாகடித்தான். "உங்க அண்ணன் போயிட்டானாம்" என்பான், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு. இன்றைக்கு நிஜமாக இருந்துவிட்டால் என்று பயந்தே அவள் அழுவாள். சித்தப்பா மட்டும் மூன்று தடவை செத்தார். மாமியார் உதிரும் தூளுக்காக அவள் கன்னத்தடியில் தட்டை ஏந்தியபடி, "இன்னும் கொஞ்சம் நல்லா அழும்மா, கல்யாணத் துணி நெறைய கெடக்கு" என்பாள். கடைசியில் அண்ணன் உண்மையாகவே செத்தான். "அவன எத்தன தடவதான் கொல்லுவீங்க?" என்று கேட்டுவிட்டு அவள் பாத்திரம் தேய்க்கப் போனாள். அவனுடைய செருப்பு வீடு வந்து சேர்ந்தபோதும் கண் காய்ந்தே கிடந்தது.

பசித்த பூச்சிகள், கொதிக்கும் தொட்டியருகே வியர்த்து நின்ற சாயக்காரனைக் கண்டுகொண்டன. "தண்ணி ஊத்துடி!" என்று அலறினான். அவள் குடத்தைத் தூக்கிவந்து, ஒரு கணம் யோசித்து, முட்செடிக்கு ஊற்றினாள். மதியத்துக்குள் அவன் வற்றிக் காய்ந்து, மடிக்கிற பக்குவத்துக்கு வந்துவிட்டான்.

இப்போது பட்டறை அவளுடையது. விடிந்ததும், "அத்தே, பெட்டிக்குள்ள உங்க புள்ள அசையற மாதிரி இருக்கு" என்பாள். கிழவி ஒருநாளும் ஓடாமல் இருந்ததில்லை. விழுந்தடித்து ஓடி, திறந்து பார்த்து, அழுவாள். பூச்சிகள் வரும், மருமகள் தட்டை ஏந்துவாள். வாசலில் காத்திருப்பவர்கள் தங்கள் துணிக்கு எப்போது முறை வரும் என்று மட்டும் கேட்பார்கள். ஆனால் போய்ப் பார்த்தால், அந்தப் பட்டறையில் அன்றும் இன்றும் போடுவது கறுப்புச் சாயம் ஒன்றுதான். சொன்ன நாக்கு இப்போதே லேசாக நாறுகிறது.