அவள் வைத்த ஃபோகஸ்

இந்த ஞாயிறும் பத்ரி மாட்டுங்காவிலிருந்து கிளம்பி, ஐரோலி சதுப்பில் பறவை பார்க்கக் கட்டிய மறைவுக் குடிலில் வந்து உட்கார்ந்திருந்தான். கருந்தொப்பி மீன்கொத்தியைக் கடைசிவரை பார்க்காமலே அவன் மனைவி ஸ்ரீலேகா போய்விட்டாள். அவளுக்காக ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும்.

“அந்தா, சாய்ஞ்ச கொம்புல,” என்று கிசுகிசுத்தான் ஆபீஸ் நண்பன் முத்துசெல்வம்.

பத்ரி அவளுடைய பைனாகுலரை உயர்த்தினான். எல்லாம் மங்கலாகத் தெரிந்தது.

“ஃபோகஸத் திருப்பும்வே. பறந்துரப் போவுது.”

விரல் வளையத்தின் மேலேயே நின்றது. ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முன் அவள் கண்ணுக்கு அவள் திருப்பி வைத்த இடம் அது. நீலமாக ஏதோ அசைந்தது. அப்புறம் அலையாத்திப் பச்சை மட்டும்தான்.

“பாத்தீரா?”

“இல்லை. திருப்ப முடியலை.”

“ரிப்பேரா? கிங்ஸ் சர்க்கிள்ல குடுத்தா சரி பண்ணிருவான்.”

பத்ரி பைனாகுலரை உறைக்குள் வைத்து மூடினான்.